பிரிட்ஜ் கோர்ஸ்: ஃபைலுக்குள் கட்டிய பாலம்

ஒரு சின்னக் கணக்கு. ஒரு டி-சர்ட்டுக்கு 150 கிராம் துணி. கட்டிங்கில் 8 சதவீதம் வேஸ்ட். அப்படியானால் ஒரு பீஸுக்கு எத்தனை கிராம் துணி வாங்க வேண்டும்?

150-இல் 8 சதவீதம் 12. ஆக 162 கிராம். பெரும்பாலானவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். தப்பு! வேஸ்ட் என்பது வாங்கும் துணியில் 8 சதவீதம், தைத்து முடித்த டி-சர்ட்டில் அல்ல. வாங்கும் துணியில் 92 சதவீதம்தான் அந்த 150 கிராம். எனவே 150-ஐ 0.92-ஆல் வகுக்க வேண்டும். விடை 163.04. ஒரு கிராம்தானே என்று தோன்றும். ஆர்டர் 50,000 பீஸ் என்றால் சுமார் 52 கிலோ துணி பற்றாது. அதாவது 320 டி-சர்ட் குறையும். ஷிப்மென்ட் தேதி நெருங்கும்போது அந்த 52 கிலோவுக்கு மறுபடி நூல், நிட்டிங், டையிங் என்று அலைய வேண்டும்.

இது ஐன்ஸ்டீன் கணக்கு இல்லை. பள்ளியில் படித்த சதவீதம்தான். ஆனால் திருப்பூர் வட்டாரத்துக் கல்லூரிகளில் பட்டம் வாங்கி, மெர்ச்சன்டைசர் வேலைக்கோ கணக்கு எழுதும் வேலைக்கோ போகிற பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

சரி, இதற்கும் கல்லூரிகளின் தரச்சான்றுக்கும் என்ன சம்பந்தம்? நிறையவே இருக்கிறது.

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, அமராவதி அணைக்குப் பக்கத்தில் இருக்கிறது அமராவதி நகர். 1962 முதல் அங்கே சைனிக் பள்ளி நடக்கிறது. ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வில் மொத்தம் 300 மதிப்பெண், அதில் கணிதத்துக்கு மட்டும் 150. பத்துப் பன்னிரண்டு வயதிலேயே கணக்கு என்ற சல்லடையில் சலித்து எடுத்துவிடுகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பள்ளியின் நோக்கம் வேறு. கேள்வி, சல்லடைக்கு வெளியே நிற்கும் மற்றவர்களைப் பற்றியது. அதே பஸ் ஸ்டாப்பிலிருந்து உடுமலைக்கும் திருப்பூருக்கும் கல்லூரி போகிறவர்களைப் பற்றியது. அப்பா அம்மா பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துக் கட்டும் ஃபீஸில், குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதிக்கிறவர்களைப் பற்றியது.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்போடு கணக்குக்குக் கும்பிடு போட்டுவிட முடியும். பிளஸ் ஒன்னில் கணிதம் இல்லாத குரூப் எடுத்தால் போதும். இரண்டு வருடம் கழித்து பி.காம். சேர்ந்தால், வணிகக் கணிதம், புள்ளியியல் என்று பேய் மறுபடி முன்னால் வந்து நிற்கும். பின்னமே தகராறு, அதற்குள் அணிகளும் வகையீடும்! மாணவர் என்ன செய்வார்? மனப்பாடம் செய்வார். இல்லையென்றால் அரியர் வைப்பார்.

இது ஏதோ ஒரு ஊர்க் கதை என்று நினைக்க வேண்டாம். 2023-ஆம் ஆண்டின் அசர் ஆய்வு, கிராமப்புறத்தில் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களைச் சோதித்தது. 26 மாநிலங்களின் 28 மாவட்டங்களில் நடந்த அந்த ஆய்வில், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் 43.3 சதவீதம்தான். கல்லூரி வாசலுக்கு வந்துகொண்டிருக்கும் தலைமுறை இது.

இதற்கு மருந்தாகச் சொல்லப்படுவதுதான் பிரிட்ஜ் கோர்ஸ். கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பு 1994-இல் பெங்களூருவில் தொடங்கப்பட்டது. 2017-இல் அது கொண்டுவந்த மதிப்பீட்டு முறையில் நியாயமான கேள்வி ஒன்று இருந்தது: மாணவர்களின் கற்றல் நிலையைக் கல்லூரி அளவிடுகிறதா, வேகமாகப் படிப்பவர்களுக்கும் மெதுவாகப் படிப்பவர்களுக்கும் தனித்தனி ஏற்பாடு செய்கிறதா?

நல்ல கேள்வி. ஆனால் வந்த பதில்? பல கல்லூரிகளில் நடப்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. முதல் வாரத்தில் பிரிட்ஜ் கோர்ஸ், துவக்க விழா, பேனர், குத்துவிளக்கு. ஜியோ டேக் போட்ட போட்டோ நாலு. வருகைப் பதிவேடு, பின்னூட்டப் படிவம். எல்லாம் ஃபைலுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்த வாரம் முடிந்தபின் யாருக்காவது வகுத்தல் வந்ததா என்று கேட்க ஃபைலில் ஒரு பக்கம்கூடக் கிடையாது. ஏனென்றால் அதை யாரும் கேட்கவில்லை! பாலம் கட்டினாயா என்று கேட்டார்கள், கட்டியதாகப் படம் காட்டினார்கள். அந்தப் பாலத்தில் எத்தனை பேர் ஆற்றைக் கடந்தார்கள் என்பதுதானே கேள்வியாக இருந்திருக்க வேண்டும்?

அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகள் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவை. சேரும்போதே ஒரு தேர்வு, அதில் தேறாதவர்களுக்கு அடிப்படைக் கணித வகுப்புகள். ஒன்றல்ல, பருவம் பருவமாக நீளும் வரிசை. அதற்குக் கிரெடிட்டும் கிடையாது. கல்லூரிக் கணிதத்தைத் தொடுவதற்கு முன்பே ஏராளமானவர்கள் படிப்பை விட்டார்கள். 2015-இல் டென்னஸி மாநிலச் சமுதாயக் கல்லூரிகள் முறையை மாற்றின. நேராகக் கல்லூரிப் பாடத்தில் சேர்த்துக்கொண்டு, கூடவே அதற்குத் துணை வகுப்பு. 2017-இல் கலிஃபோர்னியா சட்டமே போட்டது: பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்துச் சேருங்கள், தேவையில்லாமல் அடிப்படை வகுப்பில் தள்ளாதீர்கள் என்று. பலவீனமான மாணவர்களை அப்படியே உள்ளே விடுகிறார்கள் என்ற விவாதம் அங்கே இன்னும் ஓயவில்லை. ஆனால் தேர்ச்சி எண்ணிக்கை கூடியது. தனியாக ஒதுக்கி உட்கார வைப்பதைவிட, பாடத்தோடு சேர்த்துக் கைகொடுப்பது பலன் தருகிறது என்பதே பாடம்.

திருப்பூர்ப் பக்கம் செய்ய வேண்டியதும் அதுதான்.

1. ஒரு வார பிரிட்ஜ் கோர்ஸைத் தூக்கிவிட்டு, வணிகக் கணிதத் தாளோடு பருவம் முழுக்க வாரம் இரண்டு மணி நேரம் துணை வகுப்பு. மேட்ரிக்ஸ் நடக்கும் வாரத்தில் அதற்குத் தேவையான பெருக்கல், குறி மாற்றம்.

2. தமிழில் நடத்த வேண்டும். தேர்வை ஆங்கிலத்தில் எழுதட்டும், புரிவது தமிழில் நடக்கட்டும்.

3. ஊரிலிருந்து கணக்கு எடுக்க வேண்டும். 100 சதுர சென்டிமீட்டர் துணியை வட்டமாக வெட்டி எடை போட்டால் 1.8 கிராம். ஜிஎஸ்எம் எவ்வளவு? நூறால் பெருக்கு, 180. ஏன் நூறு? இந்த ஒரு 'ஏன்' புரிந்தால் அலகு மாற்றம் ஆயுசுக்கும் மறக்காது. பீஸ் ரேட், பிஎஃப் பிடித்தம், கந்து வட்டி எல்லாம் பாடம்தான்.

4. தரச்சான்றுக்கு வருகிறவர்கள் போட்டோ கேட்கக் கூடாது. முதல் வாரத் தேர்வில் பின்தங்கியவர்களில் எத்தனை பேர் அந்தத் தாளை முதல் தடவையே பாஸ் செய்தார்கள்? இந்த ஒரு எண் போதும்.

"இதெல்லாம் ஸ்கூல்ல சொல்லிக்கொடுத்திருக்கணும்" என்பார்கள். உண்மைதான். அதற்காகப் பதினெட்டு வயதுப் பெண்ணை மறுபடி ஐந்தாம் வகுப்புக்கு அனுப்ப முடியுமா? சேர்த்து ஃபீஸ் வாங்கிய அன்றே பொறுப்பு கல்லூரியுடையது. "எக்செல் இருக்கே" என்பார்கள். இருக்கட்டும். 1.08-ஆல் பெருக்கச் சொன்னால் எக்செல் பெருக்கும், 0.92-ஆல் வகுக்கச் சொன்னால் வகுக்கும். எது சரி என்று அது சொல்லாது. "ஆள் இல்லை, கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டுகிறோம்" என்பது மட்டும் நிஜமான பதில். அப்படியானால் அந்த இரண்டு மணி நேரத்துக்குச் சம்பளம் கொடுத்து ஆள் போட வேண்டும். பேனருக்குப் பணம் இருக்கும்போது இதற்கு இல்லையா?

2024 ஜனவரியில் ஏ, ஏ பிளஸ் கிரேடுகளை விட்டுவிட்டு 'சான்று உண்டு, இல்லை' என்ற இரட்டை முறைக்குப் போவதாக நாக் அறிவித்தது. 2025 பிப்ரவரியில் லஞ்சப் புகாரில் ஆய்வுக் குழுவினரையே சிபிஐ கைது செய்தது. எழுத்தை மாற்றலாம், ஆளை மாற்றலாம். கேள்வியை மாற்றாதவரை பதிலும் அதே பேனராகத்தான் இருக்கும்.

வாசலில் என்ன கிரேடு எழுதியிருந்தாலும் கட்டிங் டேபிளுக்கு அது தெரியாது. அங்கே 52 கிலோ குறைந்தால் குறைந்ததுதான்.