இரயில் நேரத்துக்கு வந்த காலம்



சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். அதியமான்கோட்டைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் செய்தித்தாளை மடித்துக் கக்கத்தில் இடுக்கியவாறு வந்து, "சாமி, எமர்ஜென்சியிலே இரயில் நேரத்துக்கு வந்தது, ஆபீசிலே ஆள் பத்து மணிக்கு நாற்காலியிலே இருந்தான். நம்ம சனங்களுக்கு அப்படி ஒருத்தர் வந்தால்தான் சரிப்படும்" என்றார். சுற்றி நின்ற இளைஞரும் ஆமோதித்துத் தலையசைத்தனர். அவர் நல்ல மனிதர். ஒரு பட்டாவுக்காக இரண்டு ஆண்டுகள் நடந்து அலுத்தவர். அவருடைய சலிப்பு நியாயமானதே. ஆயினும் அவர் கேட்ட மருந்து நோயினும் கொடியதென்பதை அன்று நின்றநிலையில் விளக்க இயலவில்லை, இங்கு எழுதுகிறேன்.

இதே பேச்சு நூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலியிலும் ஒலித்தது. முதல் உலகப் போருக்குப்பின் வேலையின்மையும் குழப்பமும் மலிந்திருந்த நாட்டில், 1922 அக்டோபர் இறுதியில் அரசரே முசோலினியை அழைத்து ஆட்சியை ஒப்படைத்தார். இரயில்கள் நேரத்துக்கு ஓடுகின்றன என்று மக்கள் மகிழ்ந்தனர். அது மிகைப்படுத்தப்பட்ட விளம்பரம் என்பதை ஆய்வாளர் பின்னர் காட்டினர். 1924-இல் தேர்தல் முறைகேடுகளை நாடாளுமன்றத்தில் எடுத்துரைத்த மத்தேயோத்தி என்னும் உறுப்பினர் சில நாட்களிலேயே கடத்திக் கொல்லப்பட்டார்.

ஜெர்மனியில் நிகழ்ந்தது நம் நெஞ்சை இன்னும் அதிகமாகச் சுடவேண்டும். 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் சட்டப்படியே பிரதமர் பதவி ஏற்றார். ஒரு மாதத்துக்குள் அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 48-ஆம் பிரிவைக் காட்டி மக்களின் உரிமைகள் நிறுத்தப்பட்டன. மார்ச் 23 அன்று, நாடாளுமன்றமின்றியே சட்டம் இயற்றும் அதிகாரத்தை அவருக்கு வழங்கும் மசோதா நிறைவேறியது. கத்தோலிக்கரின் மத்தியக் கட்சியும் அதற்கு ஆதரவாகவே வாக்களித்தது! வாக்குறுதிகளை நம்பினர், அச்சமும் இருந்தது. 1937-இல் திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் ஜெர்மன் மொழியிலேயே எழுதிய கண்டனச் சுற்றுமடல், குருத்து ஞாயிறன்று அந்நாட்டுப் பங்கு ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. ஆனால் அதிகாரம் கைமாறி நான்கு ஆண்டுகள் கடந்துவிட்டன.

இந்தப் பாடத்தை நம் நாட்டுப் பெரியோர் அறியாதிருக்கவில்லை. 1949 ஆகஸ்டில் நம் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத், நெருக்கடி நிலைப் பிரிவுகளை எதிர்த்துப் பேசுகையில், ஹிட்லருக்கு வழிவகுத்த ஜெர்மானியப் பிரிவையே சுட்டிக்காட்டி எச்சரித்தார். பிரிவுகள் நிறைவேறின. 26 ஆண்டுகளுக்குப் பின், 1975 ஜூன் 25 நள்ளிரவை ஒட்டி, உள்நாட்டுக் குழப்பத்தைக் காரணங்காட்டி நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டது. அமைச்சரவைக்கு மறுநாள் காலையில்தான் செய்தி எட்டியது. டில்லியில் நாளிதழ்களின் அச்சகங்களுக்கு அன்றிரவே மின்சாரம் துண்டிக்கப்பட்டது. விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டோர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர். 1976–77 ஓராண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் அதிகமான கருத்தடை அறுவைகள் செய்யப்பட்டன. அவற்றுள் வற்புறுத்தலால் நிகழ்ந்தவை, வட மாநிலங்களில் குறிப்பாக, ஏராளம்.

தமிழகத்தில் 1976 ஜனவரி 31 அன்று மாநில அரசு கலைக்கப்பட்டது. சென்னையின் முன்னாள் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு சிறையில் தாக்கப்பட்டு, மறுஆண்டு ஜனவரியில் உயிர்நீத்தார். மங்களூர்க் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து குருமடத்திலும் பயின்ற ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமறைவாக இருந்தபோது, அவர் தம்பி லாரன்ஸ் பெங்களூரில் பிடிக்கப்பட்டுச் சித்திரவதை செய்யப்பட்டார். மகனுக்காகத் தாய் ஆலிஸ் குடியரசுத் தலைவருக்கே முறையிட்டு எழுதினார்.

இனி அந்தப் பெரியவரிடம் ஒன்று கேட்கிறேன்: இரயில் தாமதமாக வந்திருந்தால், ஐயா, அதை எந்தப் பத்திரிகை எழுதியிருக்கும்? தணிக்கை அதிகாரியின் கையெழுத்தின்றி அரசியல் செய்தி வெளிவராத நாளில், ஒழுங்கு மட்டுமே நம் கண்ணுக்குத் தெரிந்தது. பட்டா தராத அதிகாரியைப்பற்றி இன்று நீங்கள் ஆலய முற்றத்தில் உரக்கப் பேசுகிறீர்கள். அன்று பேசியிருக்க இயலுமா?

உச்சநீதிமன்றத்தில் இதே கேள்வி எழுந்தது. நெருக்கடி நிலையில் ஒருவர் சட்டவிரோதமாக உயிரிழக்க நேரிட்டாலும் நீதிமன்றத்தை நாட வழியில்லையா என நீதிபதி எச். ஆர். கன்னா வினவ, வழியில்லை என்றே அரசுத் தரப்பு பதிலிறுத்தது. 1976 ஏப்ரல் 28 அன்று ஐந்து நீதிபதிகளுள் நால்வர் அதை ஏற்றனர். கன்னா ஒருவரே மறுத்தார். அதன்பின் தலைமை நீதிபதிப் பதவி அவரைத் தாண்டிச் சென்றது. அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பு தவறென்று 2017-இல் உச்சநீதிமன்றமே கூறியது.

1977 மார்ச்சில் வடநாட்டு மக்கள் வாக்குச்சீட்டால் அவ்வாட்சியை அகற்றினர். நம் தமிழகமோ பெரும்பாலான இடங்களை ஆளுங்கட்சிக் கூட்டணிக்கே அளித்தது என்பதையும் மறைக்கலாகாது. வதைபட்டவர் யாரென்று அறியாதவருக்கு இரயில் நேரத்துக்கு வந்தது ஒன்றே நினைவில் நின்றது போலும். 1978-இல் 44-ஆம் திருத்தம் அந்தக் கதவைச் சற்று இறுக்கியது: உள்நாட்டுக் குழப்பம் என்ற சொல் நீக்கப்பட்டது, அமைச்சரவையின் எழுத்து மூலமான பரிந்துரை கட்டாயமானது, உயிர்வாழும் உரிமையை எந்நிலையிலும் நிறுத்த முடியாதென்றாயிற்று. ஆயினும் கதவைக் காப்பது பூட்டன்று, வீட்டார் விழித்திருப்பதே.

நம் ஊர் அதியமானின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவை, பளபளத்த படைக்கலங்களைப் புகழ்வதுபோலப் புகழ்ந்து, அவன் விரும்பாத உண்மையை அவன் முன்னிலையிலேயே உணர்த்தினாள். அதிகாரத்தின் முன் வாய்திறப்பது இம்மண்ணுக்குப் புதிதன்று.

பெற்றோரே, பிள்ளைகள் 'ஏன்' என்று கேட்கும்போது அதட்டி அடக்காதீர்கள். வீட்டில் அச்சத்தால் மட்டும் பணிந்து வளர்பவன், நாட்டிலும் அதட்டுபவனையே தலைவனாகத் தேடுவான். கிராம சபைக்குச் செல்லுங்கள். பட்டா தாமதமானால் எழுதிக் கேளுங்கள். பத்து முறை கேட்கும் உரிமை, ஒருவர் தாமாக இரங்கித் தரும் ஒழுங்கினும் மேலானது.

அந்தப் பெரியவரின் மனுவை அடுத்த கிராம சபையில் அவரே எழுந்து வாசிக்க இசைந்திருக்கிறார். நானும் உடன் செல்வேன்.