தணிக்கை என்றால் காய்ச்சல் வருவானேன்?

"அடுத்த வாரம் ஆடிட் வருகிறது" என்ற ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும்; காரியாலயம் முழுவதும் பரபரப்புதான். ஆறு மாதமாக மூலையில் தூங்கிய ரிஜிஸ்தர்கள் தூசி தட்டப்படும். கையெழுத்தில்லாத வவுச்சர்களுக்குக் கையெழுத்து வேட்டை நடக்கும். ஹெட் கிளார்க்குக்கு இரத்தக் கொதிப்பு ஏறும். லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போகலாமா என்று இரண்டொருவர் யோசிப்பார்கள். கணக்கெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்ட இந்தக் காலத்திலும் இந்தக் காய்ச்சல் மட்டும் குறைந்தபாடில்லை.

வருகிறவர்கள் யார்? வருமான வரி இலாகா அல்ல, போலீசும் அல்ல. அதே ஸ்தாபனத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள். அல்லது ஸ்தாபனமே விரும்பி அமர்த்திக்கொண்ட கணக்கு நிபுணர்கள். மழைக்கு முன்னால் வீட்டுக்காரரே கூரையில் ஏறி ஓட்டைப் பார்ப்பதுபோலத்தான் இந்த உள் தணிக்கை. பங்குச் சந்தைப் பட்டியலில் உள்ள கம்பெனிகள் உள் தணிக்கையாளரை நியமித்தே தீரவேண்டும் என்கிறது 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 138-வது பிரிவு. சட்டம் ஆளை நியமிக்கச் சொல்லலாம். அந்த ஆளிடம் மனம்விட்டுப் பேசும்படி இலாகாக்காரர்களைச் செய்யச் சட்டத்தால் முடியுமா?

ஊசியும் பூசணியும்

முதல் குறை தணிக்கைக்காரர்கள் பக்கம் இருக்கிறது. ஆட்சேபணைகளின் எண்ணிக்கையைக் கொண்டே தங்கள் உழைப்பை அளப்பவர்கள் அவர்களில் உண்டு. ஐயாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டவில்லை என்று அரைப் பக்கம் எழுதுவார்கள். செக் எழுதுவதும், பாங்கிக் கணக்கைச் சரிபார்ப்பதும் ஒரே ஆள் கையில் இருப்பது கண்ணில் படாது. ஊசியைப் பிடித்துவிட்டுப் பூசணியைக் கோட்டை விடுவது இதுதான்.

ஒரு கிடங்கை எடுத்துக்கொள்ளுங்கள். இருப்பில் நாலு மூட்டை குறைகிறது. "கிடங்குக்காரர் விளக்கம் தரவேண்டும்" என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆனால் தராசு பழுதாகி எத்தனை மாதமாயிற்று? சரக்கை வாங்குவதும், ஏட்டில் பதிவதும், வெளியே அனுப்புவதும் ஒருவர் தலையிலேயே ஏன் விழுந்தது? இரண்டாவது ஆள் வேண்டுமென்று அவர் கேட்டு எழுதிய கடிதம் யார் மேஜையில் கிடக்கிறது? இதையும் விசாரித்தால்தான் அது தணிக்கை. இல்லாவிட்டால் மூட்டை குறைந்ததற்குக் காரணம் அப்படியே இருக்க, ஏழைக் கிடங்குக்காரருக்கு மட்டும் மெமோ கிடைக்கும்.

"கவனிக்கப்படும்!"

இலாகாக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. கேட்ட பைலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொண்டுவந்து அடுக்குவார்கள். காப்பி, டிபன் உபசாரத்தில் மட்டும் குறை வைக்கமாட்டார்கள். அறிக்கை வந்ததும் "கவனிக்கப்படும்", "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்று பதில் பறக்கும். மறு வருஷம் அதே ஆட்சேபணை, அதே பதில்!

இந்த விளையாட்டு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு லண்டன் பேரிங்ஸ் பாங்கியின் கதையே சாட்சி. 1762-ல் தொடங்கிய பழம்பெரும் பாங்கி அது. அதன் சிங்கப்பூர்க் கிளையில் நிக் லீசன் என்ற இளைஞர் சந்தையில் வாங்கி விற்றுவந்தார்; அந்த வியாபாரத்தைக் கணக்கில் ஏற்றிச் சரிபார்க்கும் பிரிவும் அவர் கையிலேயே இருந்தது. நஷ்டங்களையெல்லாம் 88888 என்ற எண்ணுள்ள கணக்கில் போட்டு மறைத்தார். 1994-ல் பாங்கியின் சொந்தத் தணிக்கைக்காரர்கள் அங்கே போனார்கள். மறைந்திருந்த நஷ்டத்தை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் இரண்டு வேலையும் ஒருவரிடம் இருப்பது ஆபத்து, பிரிக்கவேண்டும் என்று எழுதினார்கள். எழுதியது காகிதத்தோடு நின்றது. 1995 பிப்ரவரியில் பாங்கி மூழ்கியது. நஷ்டம் 82 கோடி பவுனுக்கு மேல். கடைசியில் அதை ஒரு டச்சு பாங்கி வாங்கியது. கொடுத்த விலை ஒரே ஒரு பவுன்!

இதற்கு நேர்மாறாக நடந்தது அமெரிக்காவின் வேர்ல்ட்காம் டெலிபோன் கம்பெனியில். 2002-ல் அதன் உள் தணிக்கைத் தலைவி சிந்தியா கூப்பர், செலவுகளைச் சொத்து என்று எழுதி லாபம் காட்டியிருப்பதைக் கண்டார். தணிக்கையைத் தள்ளிவைக்கும்படி நிதி அதிகாரியே சொன்னார். அம்மையார் மசியவில்லை; டைரக்டர் சபையின் தணிக்கைக் கமிட்டியிடம் நேரே போனார். 380 கோடி டாலர் புரட்டு அம்பலமாயிற்று. தணிக்கைக்காரருக்கு எவ்வளவு சாமர்த்தியம் இருந்தாலும், மேலே போய்ச் சொல்ல ஒரு வழி இருக்கவேண்டும் என்பது இதிலிருந்து விளங்குகிறது.

செய்யவேண்டியது என்ன?

ரொக்கத்தையும் சரக்கையும் எண்ணத் திடீரென்றுதான் வரவேண்டும். மற்ற வேலைக்கு எப்போது வருகிறோம், எதைப் பார்க்கப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்வதில் ஒரு நஷ்டமும் இல்லை. வந்ததும் முதல் கேள்வியாக, "உங்கள் வேலையில் எது தவறிவிடுமோ என்று நீங்களே பயப்படுகிறீர்கள்?" என்று கேட்கலாம். இலாகாவின் ஓட்டைகளை இலாகாவைவிட நன்றாக அறிந்தவர் யார்?

அறிக்கை மேலிடம் போகுமுன் அதன் நகலை இலாகாவுக்குக் காட்டவேண்டும். அவர்கள் சமாதானத்தையும் அதிலேயே சேர்க்கவேண்டும். ஒப்புக்கொண்ட ஒவ்வொரு குறைக்கும் எதிரே, சரிசெய்ய வேண்டியவர் பெயரும் தேதியும் இருக்கவேண்டும். "கவனிக்கப்படும்" என்ற பதிலுக்கு அங்கே இடமே கூடாது. அந்தத் தேதியில் தணிக்கைக்காரர் மறுபடி வந்து பார்க்கவேண்டும்.

இப்படிச் சிநேகமாக இருந்தால் தணிக்கை நீர்த்துப்போகாதா என்று கேட்பவர் உண்டு. மரியாதை வேறு, சலுகை வேறு. திருட்டைக் கண்டால் திருட்டு என்றே எழுதவேண்டும். அதை எழுதும் கை நடுங்காமலிருக்க, அவருடைய உத்தியோக உயர்வு அந்த இலாகாத் தலைவர் தயவில் இருக்கக்கூடாது. ஆனால் தெரியாமல் நேர்ந்த பிசகையும் திருட்டையும் ஒரே தராசில் நிறுத்தால், நாளை யார் வாய் திறப்பார்கள்? குறையைத் தானே முன்வந்து சொன்னவனுக்கு மெமோ கொடுக்கும் மேலதிகாரி, மற்றவர்களுக்கு மறைக்கக் கற்றுக்கொடுக்கிறார்.

பணம் காணாமல் போகும் நாளில் முதலில் சந்தேகம் விழுவது பெரிய நாற்காலிமேல் அல்ல. கணக்கு எழுதிய குமாஸ்தாவின்மேல்தான். "இந்த முறை சரியில்லை என்று அன்றைக்கே சொன்னேன், தணிக்கை அறிக்கையில் இருக்கிறது" என்று அவர் காட்ட முடிந்தால், அவர் மானம் பிழைக்கும். ஆகவே நேர்மையானவர்கள்தான் தணிக்கையை விரும்பி வரவேற்கவேண்டும். காய்ச்சலுக்குத் தர்மாமீட்டர்மேல் கோபித்துக்கொள்வதில் பயன் இல்லை.