கும்பிடு பூச்சிக்கு எதைப் போட்டாலும் தகுமா?



"பூச்சிதானே சார், எதைப் போட்டாலும் தின்னும்!" பிள்ளைகள் கும்பிடு பூச்சி வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வாசகம் இது. ஆசிரியர் சிலரும் இதையே ஓதுகின்றனர். இதனை நான் வன்மையாக மறுக்கின்றேன்.

பறவைக் கடையில் விற்கும் சில்வண்டை, மலாயில் செங்கெரிக் என்பதை, நாலைந்து வாங்கிப் புட்டிக்குள் கொட்டிவிட்டுக் கடமை முடிந்ததென்று போய்விடுகின்றோம். கும்பிடு பூச்சி வளர வளரத் தோலுரிக்கும். தலைகீழாகத் தொங்கிப் பழைய தோலிலிருந்து நழுவும் அவ்வேளையில் அதன் உடல் மிக மென்மையானது. முன்கால்களால் தற்காத்துக்கொள்ள இயலாது. உடனிருக்கும் பசித்த சில்வண்டு அதனைக் கடித்துத் தின்றுவிடும். இரையாகப் போட்டதே எமனாகிறது! பிள்ளை அழுதால், "வேறொன்று பிடித்துக்கொள்" என்கின்றோம். இதுதான் நாம் புகட்டும் அறிவியலா?

"அப்படியானால் வெளியில் பிடித்துப் போடுகிறோம், இயற்கை உணவாயிற்றே" என்பர் சிலர். யோங் பெங்கைச் சுற்றிலும் இருப்பவை செம்பனைத் தோட்டங்கள். செம்பனையைத் தாக்கும் பைப்புழு, காண்டாமிருக வண்டு ஆகியவற்றை ஒழிக்க சைபர்மெத்ரின் போன்ற நஞ்சுகள் தெளிக்கப்படுவதுண்டு. குடியிருப்புகளிலோ டிங்கிக் கொசுவுக்குப் புகையடிக்கின்றனர். நஞ்சுண்டு தள்ளாடும் வெட்டுக்கிளிதான் சிறுவன் கைக்கு எளிதில் அகப்படும் என்பதை எண்ணிப் பார்த்தோமா?

மாவுப் புழுவும் முதன்மை உணவாகத் தகாது. அது தவிட்டுக்குள்ளோ மண்ணுக்குள்ளோ புதைந்துகொள்ளும். கும்பிடு பூச்சியோ அசைவதைக் கண்டால்தான் பாயும்.

பின் எதைக் கொடுப்பது? பறப்பவற்றைக் கொடுங்கள். நம் நாட்டுக் காடுகளில் வாழும் ஆர்கிட் கும்பிடு பூச்சியே இதற்குச் சான்று. ஜேம்ஸ் ஓ'ஹேன்லனும் அவர்தம் குழுவினரும் மலேசியாவில் நிகழ்த்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், தேனுண்ண வரும் பூச்சிகளை அது மெய்யான பூவைவிட மிகுதியாகத் தன்பால் ஈர்ப்பது புலனாயிற்று. பூவாய் நின்று, தேடி வருவனவற்றைப் பிடித்துண்ணும் உயிர் அது! அதன் முன்னே சில்வண்டைக் குவிப்பது என்ன நியாயம்? குஞ்சுகளுக்குப் பழ ஈ, வளர்ந்தவற்றுக்கு வளர்த்தெடுத்த பெரிய ஈ; குப்பைமேட்டு ஈ வேண்டா. இரை அதன் உடல் நீளத்தில் பாதியைத் தாண்டலாகாது. வயிறு பருத்திருந்தால் அன்று உணவில்லை. தோலுரிக்கும் அறிகுறி தெரிந்தால் புட்டியில் உயிருள்ள இரை ஒன்றும் இருத்தல் கூடாது.

"ஈயை வளர்ப்பதா, சீ!" என்று முகஞ்சுளிக்கும் அம்மாமார்களுக்கு ஒரு சொல். தாமஸ் ஹண்ட் மார்கன் 1933இல் நோபல் பரிசு பெற்றது அந்தப் பழ ஈயைக் கொண்டு மரபியலை ஆராய்ந்ததனால்தான். நேரமில்லை என்பாரும் உளர். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ஒழிந்தது. அச்சாக்கு மட்டும் ஒழிந்தபாடில்லை.

கழுவிய கண்ணாடிப் புட்டியில் கனிந்த வாழைப்பழம் பாதியைப் போட்டுத் திறந்து வையுங்கள். பழ ஈக்கள் தாமே வந்து புகும். மெல்லிய துணியால் வாயைக் கட்டிவிட்டால், ஏறத்தாழப் பன்னிரண்டு நாளில் அடுத்த தலைமுறை பறக்கும். நாளும் குறித்து வைக்கும் வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள்.