ஊசியை நிறுத்துறது விசுவாசம் இல்லைங்க

1/ "ஜெபம் பண்ணியாச்சு டாக்டர், இனி இன்சுலின் வேண்டாம்." மதுரையில ஓ.பி.யில உட்கார்ந்தா இது காதுல விழும். இதைப் பத்திப் பேசியே ஆகணும்.

2/ எசேக்கியா ராஜா சாகக் கிடந்தார், அழுது ஜெபித்தார். கர்த்தர் 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார். அப்புறமும் பிளவை மேல அத்திப்பழ அடையைப் பத்துப்போடச் சொன்னார் ஏசாயா. வாக்குத்தத்தம் கிடைச்ச பிறகும் மருந்து! ஏசாயா 38, நீங்களே வாசிங்க.

3/ டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினா சில நாள்லயே ரத்தத்துல அமிலம் ஏறும். வாந்தி, வயித்துவலி, மூச்சிரைப்பு, மயக்கம், மரணம். 1922க்கு முன்னாடி இந்தப் பிள்ளைகளைப் பிழைக்க வைக்க வழியே இல்லை. அந்த வழி திறந்தது கிருபை இல்லையா?

4/ 1834ல மதுரைக்கு வந்த அமெரிக்கன் மிஷன் சர்ச்சோட நிக்கலை, ஆஸ்பத்திரியும் கட்டுச்சு. கீழவெளி வீதியில இன்னிக்கும் மிஷன் ஆஸ்பத்திரி இருக்கு. அவங்களுக்கு விசுவாசம் குறைவா?

5/ தேவாலய உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னப்போ இயேசு குதிக்கலை. தேவனைப் பரீட்சை பார்க்கிறதுக்குப் பேர் விசுவாசம் இல்லை. ஊசியை நிறுத்தச் சொல்ற ஊழியரே, ஐ.சி.யூ. வாசல்ல ராத்திரி முழுக்க நீங்க நிப்பீங்களா?

6/ ஜெபம் பண்ணுங்க. ஊசியையும் போடுங்க. காசு இல்லைன்னா அரசு ஆஸ்பத்திரியில இன்சுலின் இலவசம். கர்த்தர் பார்த்துக்குவார். பார்த்துக்கிறதுக்குத்தான் அதைக் கொடுத்திருக்கார்.