கச்சி நகர்வலமும் சிலர் கூறும் தடையும்

காஞ்சிமாநகரிலே விடுமுறை நாட்களில் இருபதின்மரும் முப்பதின்மருமாக மக்கள் கூடி, வழிகாட்டுவார் ஒருவர் பின்னே தெருத்தெருவாக நடந்து, பெருங்கோயில்களின் புகழில் மறைந்து கிடக்கும் சிறு கற்றளிகளையும் மண்டபங்களையும் கண்டு வருகின்றனர். இதனை இக்காலத்தார் மரபுநடை என வழங்குவர். இவ்வழக்கத்தைச் சைவ நன்மக்களுள் ஒரு சாரார் வெறுத்துப் பேசுகின்றனர். கோயில் தொழுதற்குரிய இடமேயன்றிச் சுற்றிப் பார்த்தற்குரிய காட்சிச்சாலை அன்று என்றும், கல்லையும் தூணையும் அளந்து பேசுதல் பிறநாட்டார் கொணர்ந்த பழக்கம் என்றும், அடியார்க்கு அது வேண்டாததொன்று என்றும் அவர் கூறுவர். பக்தியின் பெயரால் நிகழும் இக்கூற்று கேட்டற்கு இனிது. ஆயினும் ஆராயுமிடத்து நில்லாது.

கோயில் தொழுதற்குரியது என்பதை மறுப்பார் யார்? தொழப்படுவது யாது என்பதே ஈண்டு வினா. சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் மெய்யன்பர் திருவேடத்தோடு திருக்கோயிலையும் சிவனெனவே கொண்டு வழிபடுமாறு விதிக்கின்றது. கருவறையில் எழுந்தருளிய திருவுருவை மட்டும் தொழுக என்று அச்சூத்திரம் சுருக்கிற்றில்லை. விமானமும் கோபுரமும் தூலலிங்கம் என்பதனைச் சைவச் சிறாரும் அறிவர். தூலலிங்கம் என்று நாவினாற் சொல்லிவிட்டு, அதன் அதிட்டானம் யாது, கண்டம் யாது, சிகரம் யாது, எடுத்தார் யாவர், எக்காலத்தது என வினவுவாரைப் பார்த்து, உமக்கு இவை எதற்கு எனச் சினத்தல் யாங்ஙனம் பொருந்தும்? தந்தையைத் தெய்வமெனப் போற்றுவான் ஒருவன் அவர் ஊரும் பேரும் அறிதல் பாவம் என்று கூறுவதனோடு இஃது ஒக்கும்.

இனி, பிறநாட்டார் கொணர்ந்த பழக்கம் என்றதனை நோக்குவோர்க்கு நகையே தோன்றும். சிவஞானபோதத்திற்குத் திராவிட மாபாடியம் கண்ட திருக்கையே காஞ்சிப்புராணத்து முதற்காண்டத்தையும் எழுதிற்று. 1785-ஆம் ஆண்டிற் சிவபரிபூரணம் எய்திய மாதவச் சிவஞான முனிவர், பதிஞானம் பாசஞானம் என்று பேசுவதோடு அமைந்துவிடாமல், கச்சியிலுள்ள தளிகளைப் படலம் படலமாக எடுத்துரைத்தார். ஏகாம்பரம் ஒன்றே போதும் என்று அவர் கருதினாரல்லர். மணிகண்டேசம், புண்ணியகோடீசம், காயாரோகணம் என்று இன்றைக்கு அவ்வூராரே வழி கேட்டுச் செல்ல வேண்டிய கோயில்களுக்கெல்லாம் தனித்தனிப் படலம் வகுத்தார். வடமொழிக் காஞ்சி மான்மியத்தைத் தழுவியது அந்நூல் என்பது உண்மையே. எனினும் அப்புராணத்தைக் கையிற்கொண்டு படலந்தோறும் நடப்பவன் மரபுநடைக்காரனின் வேறாவது எங்ஙனம்?

சேக்கிழார் பெருமான் செயலும் அத்தன்மையதே. திருக்குறிப்புத் தொண்டர், அடியாரது கந்தை ஒலித்துக் கொடுத்த எளிய தொண்டர். அவர் வரலாறு சொல்லப் புகுந்த புராணத்திலே, அவர் செய்தி தொடங்குமுன் காஞ்சிநகர் மிக விரிவாகக் காட்டப்படுகின்றது. கதையை விட்டு ஊரைக் காட்டுகின்றாரே என்று பெரியபுராணத்தைக் குறைகூறத் துணிவார் உளராயின், அவரே மரபுநடையையும் குறைகூறுக. திருஞானசம்பந்த மூர்த்தி சுவாமிகள் செல்லும் வழியில், எருக்கத்தம்புலியூரைத் தம் பதி எனச் சுட்டிக் காட்டியவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். பிள்ளையாரும் மகிழ்ந்து அங்குச் சென்று வழிபட்டருளினார். ஊர் காட்டுவார் ஒருவர் உடன் வருதல் ஆளுடைய பிள்ளையார்க்கே இழுக்காகாதபோது, பிறர்க்கு இழுக்காமாறு இல்லை.

இவை நிற்க. கல்லைப் பார்த்தலாற் சைவர்க்கு வரும் ஆக்கம் யாதென்பார்க்கு விடை கயிலாயநாதர் கோயிற் புறச்சுவரிலேயே உள்ளது. அக்கோயில் இராசசிம்மன் எனப்பட்ட இரண்டாம் நரசிம்மவர்ம பல்லவனால் ஏறத்தாழ 700-ஆம் ஆண்டளவில் எடுக்கப்பெற்றது. இராசசிம்மேச்சுரம் என்பது அதன் பழம்பெயர். கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி எனச் சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் வழங்கும். அதன் விமானத்தைச் சுற்றிப் பல்லவ கிரந்த எழுத்தால் வடமொழிச் சாசனம் ஒன்று ஓடுகின்றது. அதிலே அவ்வரசன், சைவசித்தாந்த நெறியில் நின்று மலமெல்லாம் அறுத்தவன் எனப் புகழப்படுகின்றான். மெய்கண்ட தேவர் திருவவதாரத்துக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு முற்பட்ட கல்லிலே, சைவசித்தாந்தம் என்னும் திருப்பெயரும் மலநீக்கம் என்னும் பொருளும் ஒருங்கே பொறிக்கப்பட்டிருத்தலைக் காண்க. சைவசித்தாந்தம் பிற்காலத்தெழுந்த கொள்கை என்று வாதிடுவார்க்கு இதனினும் வலிய விடை ஒன்று உண்டோ? அச்சுவரை இடையறாது வலம் வந்தாருள் எத்துணைப் பேர் அதனைப் படித்தனர்? அதனைப் படித்து 1890-ஆம் ஆண்டில் தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் என்னும் வரிசையின் முதற்றொகுதியில் அச்சேற்றியவர் ஹுல்ட்ஷ் என்னும் ஜெர்மானியர். கல்லை அளத்தல் பிறர்க்குரிய தொழில் என ஒதுக்கியதன் பயன், சைவர் தம் சமயப் பெயர்ச்சான்றைப் பிறர் வாயிலாகக் கேட்டறிய நேர்ந்ததேயாம்.

பகைவனாய் வந்தவன் ஒருவன் கண்ட காட்சியையும் ஈண்டு எண்ணல் தகும். சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் எட்டாம் நூற்றாண்டிற் கச்சியை வென்று உட்புகுந்தான். இராசசிம்மேச்சுரத்தின் பெருஞ்செல்வத்தைக் கண்டான். கவர்ந்து செல்லாது இறைவனுக்கே திரும்ப அளித்தான். அச்செய்தியை அக்கோயில் மண்டபத் தூணொன்றிலே கன்னட மொழியிற் பொறிப்பித்தான். அவன் தேவியார் உலோகமாதேவியார் பட்டடக்கல்லில் எடுப்பித்த விரூபாட்சர் கோயிலைக் காண்பார்க்குக் கச்சியின் சாயல் அதில் விளங்கித் தோன்றும். வாளேந்தி வந்தவன் நின்று பார்த்த கோயிலை, விபூதி அணிந்து வருவோர் நிமிர்ந்தும் பாராது போதல் எத்தகைய பக்தி என்பது தெரியவில்லை.

பாடல் பெறாத கோயிலைக் காண்டலாற் பயன் என்னை என்று மற்றொரு தடையும் நிகழ்த்துவர். கயிலாயநாதர் கோயிலைப் பாடல் பெற்றதன்று என ஒதுக்குவோர், பூசலார் நாயனார் புராணத்தை மறந்தனர் போலும். காடவர்கோன் கச்சியில் எடுத்த கற்றளிக்குக் குறித்த நாளை மாற்றுமாறு இறைவன் கனவில் அருளிச்செய்த வரலாற்றிலுள்ள கற்றளி இதுவே என ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். மனக்கோயிலின் பெருமை விளங்குதற்கு ஒப்பாக நின்ற கற்கோயிலைக் கண்ணாற் கண்டாலன்றோ, அம்மனக்கோயிலின் பெருமை எத்துணையது என்பது நெஞ்சிற் பதியும்?

இத்தடை கூறுவோர் பாடல் பெற்ற தலங்களையேனும் போற்றுகின்றனரோ எனின், அதுவும் இல்லை. கச்சியிற் பாடல் பெற்ற சிவத்தலங்கள் ஐந்து. ஏகம்பத்திற் கூட்டம் நெருங்கும். ஏனைய நான்கினையும் அறிந்தார் சிலரே. திருநாவுக்கரசு சுவாமிகளும் சுந்தரமூர்த்தி சுவாமிகளும் பாடிய மேற்றளி பிள்ளையார்பாளையத்துத் தறியொலிக்கு நடுவே உள்ளது. ஓணகாந்தன்தளி பஞ்சுப்பேட்டையில் உள்ளது. சம்பந்தப் பெருமான் பாடிய நெறிக்காரைக்காடு திருக்காலிமேட்டில் உள்ளது. எல்லாவற்றினும் வியப்பைத் தருவது அனேகதங்காவதம். அது கயிலாயநாதர் கோயிலுக்கு மிக அணித்தே இருக்கின்றது. கயிலாயநாதர் கோயில் வாயிலில் வண்டி வண்டியாக இறங்குவோர், சுந்தரர் பாடிய அத்தலம் அருகில் இருப்பதனை அறியாமலே திரும்புகின்றனர். இது மரபுநடையாளர்க்கும் உள்ள குறையே. சிற்பம் தேடுவார் பாட்டை மறக்கின்றனர், பாட்டுத் தேடுவார் சிற்பத்தை மறக்கின்றனர். இருசாரார்க்கும் நடுவே கிடந்து நலிவது கோயில்.

சிறு தளிகளிற் காண்டற்கு யாது உளது என்பார், இறவாதனேச்சுரத்தையோ பிறவாதனேச்சுரத்தையோ ஒருமுறை நின்று பார்த்தாரல்லர். இராசசிம்மன் காலத்துத் தளிகளின் கருவறைப் பின்சுவரிலே அம்மையப்பர் நடுவே குமரவேள் அமர்ந்த சோமாஸ்கந்தத் திருவுரு புடைப்புச் சிற்பமாக அமைந்திருக்கும். அதன்முன் பட்டை தீட்டிய தாராலிங்கம் விளங்கும். ஏகம்பத்துக்கும் காமகோட்டத்துக்கும் குமரகோட்டத்துக்கும் உள்ள இருப்பினைச் சோமாஸ்கந்த அமைப்பென்று பெரியோர் கூறும் மரபு ஒன்று உண்டு. நகரமெல்லாம் விரிந்து கிடக்கும் அவ்வமைப்பே ஒரு சிறு சுவரில் அடங்கியிருத்தல் கண்டு இன்புறத்தக்கது. மணற்கல் மெலிது, மழைக்கும் காற்றுக்கும் கரைவது. ஆதலின் பாரம் தாங்கும் அதிட்டானத்து வரிகளிற் கருங்கல்லை இட்டு, மேலே மணற்கல்லால் எழுப்பினர் பல்லவர் தச்சர். அவர் அறிவு அத்துணை நுட்பமுடையது. நந்திவர்ம பல்லவன் காலத்து மதங்கேச்சுரத்தையும் முத்தீச்சுரத்தையும் அடைந்தால், முகமண்டபத் தூணடியிற் சிங்கங்கள் அமர்ந்து பாரம் சுமத்தலைக் காணலாம். பிற்காலச் சோழர் காலத்துச் சுரகரேச்சுரத்து விமானமோ வட்ட வடிவினது. சதுரத்தையே கண்டு பழகிய கண்ணுக்கு அது புதிது. இவற்றுட் சில பல வேளைகளிற் பூட்டப்பட்டே கிடக்கும். காண வருவோர் மிகுந்தாலன்றித் திறந்திருத்தற்கு வழியில்லை.

வழிகாட்டுவார் எல்லாரையும் புகழ்தல் ஈண்டுக் கருத்தன்று. அவருட் சிலர் கூறும் பொய்களுக்கு அளவில்லை. அரண்மனைக்குச் சுரங்கம் ஓடுகின்றது என்பர். கயிலாயநாதர் கருவறையைச் சுற்றிய குறுகிய வழியிலே தவழ்ந்து வெளிப்பட்டார்க்கு மறுபிறப்பில்லை என்று கூறிப் பருத்த உடலினரையும் அதனுட் புகச் செய்வர். இருவினையொப்பும் மலபரிபாகமும் சத்திநிபாதமும் வேண்டா, இடுப்பு வளைந்தாற் போதும் என்னும் இச்சித்தாந்தம் எவ்வாகமத்தது? காலணி நீக்காது உட்புகுதல், பூசைநேரத்து உரத்துப் பேசுதல், இறைவன் திருமுன் முதுகு காட்டி நின்று படமெடுத்தல் ஆகியன எல்லாம் கடியத்தக்கனவே. ஆயினும் பொய் சொல்வார் ஒருவர் உளர் என்பதற்காக மெய் அறிந்தார் வாய் மூடியிருத்தல் முறையன்று. சைவம் கற்றார் வீட்டிலிருந்து வெறுக்கின்றனர், கல்லாதார் வீதியில் நின்று விளக்குகின்றனர். பிழை யாருடையது?

சமணக் கோயிலையும் காட்டுகின்றனரே என்று முறையிடுவோரும் உளர். திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் கோயிலில், விசயநகர அமைச்சன் இருகப்பன் 1387-ஆம் ஆண்டளவில் எடுப்பித்த சங்கீத மண்டபமும் அதன் விதான ஓவியங்களும் பார்க்கத்தக்கன. பார்த்த அளவிற் சமயம் மாறிவிடுமாயின், அச்சமயப்பற்று எத்துணை வலியுடையது என்பது எளிதிற் புலனாம்.

கோயிலைக் காணாமல் தொழுதலின் கேட்டினைத் திருப்பணிகளிற் காணலாம். கோயில் இன்னது என்று அறியாதார் கையிற் செல்வம் சேரின், முதலில் அழிவது பழங்கல்லே. கல்வெட்டுப் பொறித்த கற்கள் தலைகீழாகவும் துண்டு துண்டாகவும் பிற்காலச் சுவர்களிற் கிடத்தலைத் தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றிற் காண்கின்றோர், அது பகைவர் செயல் என எண்ணுவர். பெரும்பாலும் அஃது அன்பர் செயலே. மகேந்திரவர்மன் பட்டப்பெயர் பொறித்த தூண் ஒன்று ஏகாம்பரநாதர் கோயிலினின்று கிடைத்தது. அத்தூணைத் தாங்கியிருந்த கட்டடம் இன்றில்லை. கயிலாயநாதர் கோயிற் சுற்றாலைச் சிற்றறைகள் 58. அவற்றிற் பல்லவர் கால ஓவியங்கள் பூச்சின்கீழ் மறைந்து கிடந்தன. 1931-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரே அவற்றைக் கண்டு உலகறியச் செய்தார். அவ்வாண்டிலேயே தஞ்சைப் பெரியகோயிலின் சோழர் கால ஓவியங்களை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். ஒரு தமிழர் கண்டது என்று ஆறுதல் கொள்ளலாம். பின்னாளில் விசைக்காற்றோடு மணலை வீசிக் கற்களைத் தேய்த்து வெளுக்கச் செய்யும் முறை வந்தது. அது தடை செய்யப்படுமுன் பல கோயில்களின் எழுத்தும் சிற்பமும் முனை மழுங்கின. கோயில் பளிச்சென்றாயிற்று எனக் குடமுழுக்கு நாளில் மகிழ்ந்தவர்கள், மரபுநடையைப் பழிக்கும் இவரை ஒத்த அன்பர்களே.

ஆதலின் செய்யத்தக்கது விலக்குதலன்று, மேற்கொள்ளுதல். சைவ சபைகளும் மடங்களும் கல்வெட்டறிந்தார் ஒருவரையும் ஓதுவார் ஒருவரையும் உடனனுப்பித் தாமே இந்நகர்வலத்தை நடத்தலாம். காலையிற் கயிலாயநாதர் கோயிலில் விமானச் சாசனத்தை எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டுக. அங்கிருந்து அனேகதங்காவதத்துக்கு நடந்து சென்று சுந்தரர் பதிகத்தைப் பண்ணோடு ஓதுக. மேற்றளியும் ஓணகாந்தன்தளியும் கண்டு, நண்பகல் வெயில் தணிந்தபின் இறவாதனேச்சுரம் முதலிய சிறுதளிகளுக்குச் செல்க. பூட்டியிருப்பின் முன்னரே காவலர்க்கு அறிவித்துத் திறப்பிக்க. நகரின் கீழ்பாலுள்ள திருக்காலிமேட்டை அடையும்போது சாயரட்சைக்கு மணியடிக்கும் நேரமாகிவிடும். அங்குச் சம்பந்தர் பதிகத்தை ஓதி, வந்தவர்க்கெல்லாம் திருநீறு அளித்து அனுப்பலாம்.