தூங்குகிற கணக்கை எழுப்பலாமா?

விண்டோஸ் கணினிகளில் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்றொரு கணக்கு முதல் நாளிலிருந்தே இருக்கிறது. 2007-இல் வீடுகளுக்கு வந்த விஸ்டா முதல் மைக்ரோசாஃப்ட் அதை முடக்கியே தருகிறது. ‘நெட் யூசர்’ என்று தொடங்கும் ஒரே வரிக் கட்டளை போதும், எழுந்துவிடும். ஒரு கோப்பு அழிய மறுத்தால் போதும், இந்த வரியைத் தட்டச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டில் அன்றாடம் பயன்படுத்தும் கணக்கும் பெரும்பாலும் நிர்வாகிக் கணக்குதான். எதையாவது நிறுவும்போது திரை மங்கி, அனுமதிக்கலாமா என்று ஒரு பெட்டி கேட்குமே, அந்தக் கேள்வி மட்டும் மறைந்த கணக்கில் இயல்பாக வராது. பில் என்ற பெயரில் மின்னஞ்சலில் வந்த நச்சு நிரலைச் சொடுக்கினாலும் அது முழு அதிகாரத்தோடு ஓடும். கடவுச்சொல்லும் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். இத்தனைக்கும், ‘டிரஸ்டட் இன்ஸ்டாலர்’ பெயரில் இருக்கும் விண்டோஸின் சொந்தக் கோப்புகளை இந்தக் கணக்காலும் நேரடியாக அழிக்க முடியாது!

சொந்தக் கணக்கு பழுதானால் என்ன செய்வது என்பார்கள். நியாயம்தான். ஆனால் எழுப்பும் கட்டளைக்கே நிர்வாகி அனுமதி வேண்டும். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்ட கதை. இரண்டாவது நிர்வாகிக் கணக்கொன்றைக் கடவுச்சொல்லோடு முன்பே உருவாக்கி வைத்தால் அந்தத் தவிப்பே இல்லை. அது கேள்வியும் கேட்கும். தவிர்க்கவே முடியாமல் எழுப்பியவர்கள், வேலை முடிந்த கையோடு அதே வரியின் கடைசி ‘யெஸ்’ஸை ‘நோ’வாக்கி மறுபடி தட்டிவிட வேண்டும்.