ஒரே கேள்வித்தாள் நியாயமாகிவிடுமா?

"எல்லாருக்கும் ஒரே கேள்விதானே, பாரபட்சம் எங்கே?" என்கிறார்கள். 1975-இல் அமெரிக்காவில் வந்த மினி மென்டல் தேர்வுக்கு 30 மதிப்பெண்; 24-க்குக் கீழே போனால் மறதி நோயோ என்ற சந்தேகம். அதில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும், ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். மேல்பட்டாம்பாக்கத்தில் கரும்பு வெட்டியே காலம் கழித்த ஆயா பேனா பிடித்ததே இல்லை. அமாவாசை என்றைக்கு, யார் கூலி பாக்கி வைத்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு விரல்நுனியில். மதிப்பெண்தான் போகும்!

மொழிபெயர்த்தால் போதாதா? போதாது. ஹரியானாவின் பல்லப்கரில் எழுத்தறியாத முதியவர்களுக்காக மேரி கங்குலி குழுவினர் கேள்விகளையே மாற்றி, 1995-இல் இந்தி வடிவத்தை வெளியிட்டார்கள். ஒரே திறனுள்ள இரு குழுக்களில் ஒரு கேள்வி ஒரு குழுவை மட்டும் இடறினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது கேள்வியை. கிள்ளை இருளர் குடியிருப்பில் அதே 24-ஐ நீட்டுமுன், கேள்வி கேள்வியாகச் சோதித்த முடிவைக் காட்டுங்கள்.